பிணைக்கப்படுவது யார்? முன்கூட்டிய கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும்: ஒரு சட்ட விளக்கம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கும் முன்பே கல்லூரி இடத்தை உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. முட்டுக்காட்டு உப்பங்கழியின் இரு கரைகளிலும், பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வரும் மாணவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இப்போதே சேர்ந்தால் உதவித்தொகை உண்டு என்கிறார்கள்; முன்பணம் கட்டலாமா?"

இதே காலத்தில் இணையத்தில் இன்னொரு செய்தியும் அவர்களை எட்டுகிறது. அமெரிக்காவில் ஏழை மாணவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து, நான்கு ஆண்டுப் படிப்பையும் ஒரு பைசாக் கட்டணமின்றி முடிக்க ஒரு திட்டம் உள்ளது என்பதே அது. இரண்டுக்கும் "முன்கூட்டியே சேர்க்கை, உதவித்தொகை, கட்டுப்பாடு" என்ற ஒரே சொற்கள்தான். ஆனால் அவை இயங்கும் முறை ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நம் மாணவர்களின் பணத்தையும் ஆண்டையும் காக்கும். இந்த மாநிலத்தில் நாம் எதைக் கோர வேண்டும் என்பதையும் காட்டும்.

அமெரிக்கப் பொருத்தத் திட்டம் எப்படி இயங்குகிறது?

அத்திட்டத்தை நடத்துவது கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இயங்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னணிக் கல்லூரிகள் அதனுடன் இணைந்துள்ளன. குடும்ப வருமானம் குறைந்த மாணவர்கள் பள்ளி இறுதியாண்டின் செப்டம்பர் மாதத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 65,000 டாலருக்குக் கீழ் என்பது பொதுவான அளவுகோல். அக்டோபரில் இறுதிப் பட்டியல் வெளியாகிறது. பட்டியலில் இடம்பெற்றவர்கள் தாம் விரும்பும் கல்லூரிகளை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்தித் தருகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் முடிவு வருகிறது. தம்மை ஏற்க முன்வந்த கல்லூரிகளில், தம் வரிசையில் எது மேலே உள்ளதோ அதனுடன் மாணவர் பொருத்தப்படுகிறார்.

பொருத்தம் அமைந்தால் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகிய அனைத்தையும் கல்லூரியே நான்கு ஆண்டுகளுக்கும் ஏற்கிறது. பெற்றோர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதற்கு ஈடாக மாணவர் அந்தக் கல்லூரியில்தான் சேர வேண்டும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். எம்.ஐ.டி. போன்ற சில நிறுவனங்கள் மட்டும் இக்கட்டுப்பாட்டை விதிப்பதில்லை.

இங்கே மாணவர் கட்டுப்படுகிறார் என்பது உண்மை. ஆனால் அவருக்கு முன்பே கல்லூரி கட்டுப்பட்டுவிடுகிறது. இடமும் பணமும் ஒரே கடிதத்தில், ஒரே நாளில் உறுதியாகின்றன. இத்தனை ரூபாய் குறைகிறதே, யாரிடம் கடன் வாங்குவது என்று அந்தக் கடிதத்தைப் பெற்ற குடும்பம் தவிக்க வேண்டியதில்லை.

இதே நாட்டில் இதைவிடப் பழைய வழி ஒன்றும் உள்ளது. 'ஏர்லி டிசிஷன்' எனப்படும் அந்த முறையில், பெரும்பாலும் நவம்பர் முதல் தேதிக்குள், மாணவர் ஒரே ஒரு கல்லூரிக்குக் கட்டுப்பட்டு விண்ணப்பிக்கிறார். உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்பது பிறகுதான் தெரியவரும். நான்கு கல்லூரிகள் தரும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களுக்கே இது உகந்தது என்ற விமர்சனம் நெடுநாளையது. முன்கூட்டிய சேர்க்கை வசதி படைத்தோருக்கே சாதகம் என்று கூறி 2006இல் அதைக் கைவிட்ட ஹார்வர்ட், 2011இல் மீண்டும் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகளுக்கு எதிராக, இம்முறை போட்டியை ஒழித்துக் கட்டணத்தை உயர்த்துகிறது என்று மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

ஆக, முன்கூட்டிய சேர்க்கை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யார் எதற்குக் கட்டுப்படுகிறார், எந்த நாளில் கட்டுப்படுகிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. குவெஸ்ட்பிரிட்ஜ் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கும், அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும், அங்குள்ள பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் உரியது. திருப்போரூர் அரசு மேல்நிலைப்பள்ளியில் படிக்கும் மாணவர் அதில் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பித்துத் தருகிறோம் என்று யாரேனும் பணம் கேட்டால் அது ஏமாற்று. நம் மாணவர்கள் வெளிநாட்டில் இளநிலைப் படிப்பை முழு உதவியுடன் படிக்க முடியாது என்பது இதன் பொருளன்று. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களையும் வருமானம் பாராமல் தேர்வுசெய்து, தேவைப்படும் தொகையை முழுமையாக வழங்குகின்றன. 2022இல் பிகாரின் முசாகர் சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் முழு உதவித்தொகையுடன் இடம் பெற்றார். அவர் சென்றது நேரடி விண்ணப்ப வழி.

நம் வரலாற்றில் ஒரு பிணைப்பு உதவித்தொகை

கட்டுப்பாட்டுடன் கூடிய உதவித்தொகை நமக்குப் புதிதன்று. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனை.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1917இல் அந்த நிபந்தனையை நிறைவேற்ற அவர் பரோடா சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடியேந்தி வந்த கூட்டம் வெளியேற்றியது. வேலையை விட்டுவிட்டு அவர் பம்பாய் திரும்ப நேர்ந்தது.

இந்நிகழ்வை நாம் வழக்கமாகச் சாதிக் கொடுமையின் சான்றாகவே படிக்கிறோம். அதை ஓர் ஒப்பந்தத்தின் வரலாறாகவும் படிக்கலாம். மாணவர் பத்தாண்டுப் பணிக்குக் கட்டுப்பட்டார். அவர் பணியாற்றத் தேவையான ஓர் அறையைத் தருவதற்கு யாரும் கட்டுப்படவில்லை. ஒப்பந்தத்தில் எழுதப்படாத அந்தப் பகுதியே அவரை ஊரைவிட்டு வெளியேற்றியது. இன்றும் உதவித்தொகைக் கடிதத்தைக் கையில் வாங்கும்போது நாம் முதலில் தேட வேண்டியது, அதில் எழுதப்படாமல் விடப்பட்ட விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றைத்தான்.

இடம் முதலில், பணம் பிறகு

இந்தியாவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கப்பட்டது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதை மாற்றியமைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்ற பங்கீட்டை அறிவித்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும்.

இது உரிமை சார்ந்த திட்டம். தகுதியுள்ள எந்த மாணவருக்கும் எண்ணிக்கை வரம்பைக் காட்டி மறுக்க இயலாது. அந்த வகையில் அமெரிக்கத் திட்டத்தைவிட இது விரிந்தது. ஆயினும் அதன் கால வரிசை தலைகீழானது. மாணவர் முதலில் இடத்தைப் பெற வேண்டும். கல்லூரி கேட்கும் தொகையைக் கட்ட வேண்டும். பிறகு விண்ணப்பிக்க வேண்டும். மாதங்கள் கழித்துப் பணம் வரும். இடையிலுள்ள அந்த மாதங்களில்தான் கந்துவட்டியும், தேர்வு நுழைவுச்சீட்டு மறுப்பும், படிப்பைக் கைவிடுதலும் நிகழ்கின்றன.

இந்த இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஓர் உயிரோட்டமான எதிர்காலத்தை விழுங்கிவிடும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகள் சான்று.

முதலாவது, 2021 நவம்பர் 22 அன்று தீர்க்கப்பட்ட பிரின்ஸ் ஜெய்பீர் சிங் வழக்கு. பட்டியல் சாதியைச் சேர்ந்த அம்மாணவருக்குப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இடம் ஒதுக்கப்பட்டது. இட ஏற்புக் கட்டணத்தைச் செலுத்த முயன்றபோது இணையவழிப் பரிவர்த்தனை நிறைவேறவில்லை, காலக்கெடு முடிந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆவது கூறின்படி இடம் வழங்க ஆணையிட்டது.

இரண்டாவது, 2024 செப்டம்பர் 30 அன்று தீர்க்கப்பட்ட அதுல் குமார் வழக்கு. உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகனான அவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பம் அத்தொகையைத் திரட்டியபோது கடைசி நிமிடங்களே மீதமிருந்தன, இணையதளம் மூடப்பட்டது. அது அவருக்கு அனுமதிக்கப்பட்ட கடைசித் தேர்வு முயற்சி. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப்பணிகள் ஆணையம், அவ்வாண்டுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றம் எனப் பல கதவுகளைத் தட்டிய பின்னரே அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கூடுதல் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்க ஆணையிட்டது.

இரு தீர்ப்புகளையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் 142ஆவது கூறு என்பது அந்தந்த வழக்கில் முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள தனி அதிகாரம். விதி அப்படியே நீடிக்கிறது. அடுத்த ஆண்டு அதே காலக்கெடு, அதே கட்டணம். டெல்லி வரை செல்ல முடியாத மாணவருக்கு அத்தீர்ப்பால் நேரடிப் பயன் இல்லை. முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கக் கடமைப்பட்டுள்ள ஒரு மாணவரிடம், இடத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு தொகையை முன்கூட்டியே கேட்பது எந்த நியாயத்தின்பாற்பட்டது என்ற கேள்விதான் இன்னும் விடை பெறாமல் நிற்கிறது.

ஃப்ரீஷிப் அட்டை: இருந்தும் அறியப்படாத உரிமை

இந்தச் சிக்கலுக்குத் திட்டத்திற்குள்ளேயே ஒரு தீர்வு எழுதப்பட்டிருக்கிறது. 2021 வழிகாட்டு நெறிமுறைகள், வருமானத் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாநில அரசுகள் 'ஃப்ரீஷிப் கார்டு' வழங்கலாம் என்கின்றன. அந்த அட்டையைக் காட்டினால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் முன்பணமாகக் கட்டாமல் சேரலாம். உதவித்தொகை கணக்குக்கு வந்ததும் மாணவர் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். அதாவது, குவெஸ்ட்பிரிட்ஜ் கடிதம் செய்யும் வேலையின் ஒரு பகுதியை இந்த அட்டை செய்ய முடியும்.

ஆனால் பெரும்பாலான மாணவர்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டதே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் சாதி, குடும்ப விவரம், வங்கிக் கணக்கு ஆகியவை பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ளன. வருமானச் சான்றை மட்டும் சேர்த்துத் தேர்வு முடிவு நாளிலேயே அட்டையை அனுப்ப அரசால் முடியும். மாணவர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிய தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. போராடிப் பெற்ற உரிமை அது. அதன் பின் வந்த ஒன்றிய வழிகாட்டு நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் போஸ்ட் மெட்ரிக் திட்டத்திலிருந்து விலக்கின. முன்கூட்டிய சேர்க்கையின் பொறி சரியாக இங்கேதான் உள்ளது.

"பாதிக் கட்டணம் உதவித்தொகை" என்பதன் கணக்கு

தனியார் நிறுவனங்கள் பொதுத்தேர்வுக்கு முன்பே நடத்தும் சேர்க்கை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு வெளியே நடப்பது. அங்கே பெறும் இடம் பொதுவாக நிர்வாகம் நிரப்பும் இடம். அதை ஏற்ற மாணவர் இழப்பவற்றை எண்ணிப் பார்ப்போம்.

முதலில், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. நிர்வாக ஒதுக்கீடு என்று பதிவானால் விண்ணப்பம் தள்ளப்படும்.

அடுத்து, 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒதுக்கீட்டைத் தருகிறது. இதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாக மட்டுமே இது கிடைக்கும்.

மூன்றாவதாக, கலந்தாய்வில் பட்டியல் சாதியினருக்குரிய 18 சதவீத இட ஒதுக்கீடும், அதனுள் அருந்ததியருக்குரிய 3 சதவீத உள் ஒதுக்கீடும்.

இவற்றை விட்டு மாணவர் பெறுவது என்ன? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 4 லட்சம் ரூபாய்; 50 சதவீத உதவித்தொகை; விடுதிக்கு 1.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் ஆண்டுக்கு 3.2 லட்சம் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளில் 12.8 லட்சம். மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் சென்றால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால் தொகை இன்னும் கூடும். கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன.

பிணைக்கு நிலம் எங்கே? இது செங்கல்பட்டு மண்ணில் வரலாற்றுக் கேள்வி. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலங்களை மற்றச் சாதியினர் வாங்க முடியாதபடி நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பஞ்சமி நில நிபந்தனை வலியவரைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது. அரசு அதை நிறைவேற்றத் தவறியது. அந்தத் தவற்றின் விலையை மூன்று தலைமுறைக்குப் பின் வங்கி மேசை முன் பிணையின்றி நிற்கும் பேரனோ பேத்தியோ கொடுக்கிறார்.

கையெழுத்திடும் முன் சட்டம் சொல்வது

முன்பணம் கட்டிவிட்ட குடும்பங்கள் "கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நம்புகின்றன. அது சரியன்று.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவும், 1903இல் பிரிவி கவுன்சில் வழங்கிய மோகரி பீபி தீர்ப்பும் இதை நிலைநிறுத்தியுள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் 17 வயதினர். அவர்களின் கையெழுத்தைக் காட்டி அவர்களைக் கட்டிப்போட முடியாது.

பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை பொருந்தும். சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்கள் முன்பாக விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதன் பின் விலகும் நாளைப் பொறுத்து 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாளுக்குப் பின் 30 நாட்கள் கடந்தால் எதுவும் கிடைக்காது. 2024-25 கல்வியாண்டுக்கு மானியக் குழு செப்டம்பர் 30 வரை முழுத் தொகையையும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தத்துடனும் திருப்பித் தர அறிவுறுத்தியது. ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதால் இந்த விதிகள் இல்லாமல் போய்விடாது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்வதையும் அதே அறிவிக்கை தடை செய்கிறது. சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும். மாணவரைப் பிணைப்பதற்கு நடைமுறையில் பயன்படும் உண்மையான கயிறு ஒப்பந்தமன்று, பூட்டி வைக்கப்பட்ட மதிப்பெண் பட்டியல்தான் என்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கக் கூடாது, ஒரு பருவத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ உரியதை மட்டுமே வாங்கலாம் என்று 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எவரும் ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள்.

விருப்பப் பட்டியலை எப்படி எழுதுவது?

பொருத்தத் திட்டங்களிலிருந்து நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடம் வரிசைப்படுத்தல். 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய கணிதவியலர்கள், இரு தரப்பு விருப்பங்களையும் கொண்டு நிலையான பொருத்தம் அமைக்கும் முறையை வகுத்தார்கள். இத்துறைப் பணிக்காக ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கூட்டுக் கலந்தாய்வும் அந்த அடிப்படையிலேயே இயங்குகிறது. இத்தகைய முறைகளில் உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே மாணவருக்கு நன்மை. "நமக்கு எங்கே அது கிடைக்கப்போகிறது" என்று எண்ணிச் சுமாரான கல்லூரியை முதலில் எழுதினால் அதுவே கிடைத்துவிடும். மேலான இடத்தை எழுதிக் கிடைக்காமல் போனால் கீழுள்ள வாய்ப்பு பறிபோவதில்லை.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கும் இது பொருந்தும். அங்கே தரவரிசைப்படி உங்கள் பட்டியலில் மேலிருந்து கீழாக இடம் தேடப்படும். இடம் ஒதுக்கப்பட்டதும் ஏற்றுச் சேர்தல், ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருத்தல் உள்ளிட்ட தெரிவுகள் தரப்படும். குறித்த நாட்களுக்குள் தெரிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும். நம் மாணவர்களுக்கு அண்ணன் அக்காள் யாரும் இவ்வழியில் முன்பு சென்றிராத நிலையில், இந்தச் சில நாட்களில் உடனிருந்து வழிகாட்டுவதே கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

நாம் கோர வேண்டியவை

வெளிநாட்டு மேற்படிப்பிலும் இதே கால வரிசைச் சிக்கல் உண்டு. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய அயலக உதவித்தொகையில் 2025-26க்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழகம் மாணவருக்காகக் காத்திராது என்று தெரிந்தும் அரசு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள மறுத்தது.

எனவே நம் கோரிக்கைகள் அனைத்தும் ஒரே திசையில் அமைய வேண்டும்: கட்டுப்பாடு அரசுக்கும் நிறுவனத்துக்கும் முதலில், மாணவருக்குப் பிறகு.

ஒன்று, தகுதியுள்ள ஒவ்வொரு பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுடன் ஃப்ரீஷிப் அட்டை விண்ணப்பமின்றியே வழங்கப்பட வேண்டும்.

இரண்டு, அவ்வட்டை உள்ளவரிடம் எந்தக் கலந்தாய்வும் இட ஏற்புக் கட்டணம் கேட்கக் கூடாது. அதுல் குமார் வழக்கின் பயன் விதியாக மாற வேண்டும்.

மூன்று, கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையிலேயே கல்விக் கட்டணம், விடுதி, உணவு ஆகியவற்றை யார் எவ்வளவு எந்த நாளில் செலுத்துவார் என்பது எழுதப்பட வேண்டும். தாமதமானால் அது அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான கணக்கு. மாணவரின் தேர்வெழுதும் உரிமையை அது தொடக் கூடாது.

நான்கு, கலந்தாய்வு முடியும் முன் தனியார் நிறுவனங்கள் திருப்பித் தராத முன்பணம் வாங்குவதை மாநில அரசு தடை செய்ய வேண்டும். "உதவித்தொகை" என்று விளம்பரம் செய்வோர், போஸ்ட் மெட்ரிக் தகுதி இதனால் போகுமா என்பதை அதே எழுத்தில் தெரிவிக்கக் கட்டாயப்படுத்தப்பட வேண்டும்.

இவை நிறைவேறும் வரை, இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவோர் செய்ய வேண்டியவை: வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வுக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். ஃப்ரீஷிப் அட்டை கோரி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஏற்புச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். உதவித்தொகை என்று யார் சொன்னாலும் நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு, எந்த நிபந்தனையில், எந்த ஒதுக்கீட்டில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், விலகல் கடிதத்தை இன்றே தேதியிட்டுப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். திரும்பக் கிடைக்கும் சதவீதம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும்.